மஸ்டாங்குக்கு அடுத்து எது?

ஜூன் 9, இரவு 10:50

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். டிசிஎஸ் என்ற கணினி விமான விளையாட்டில் பி-51டி மஸ்டாங் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ஏற்றுவேன், இறக்குவேன், இன்ஜினைப் பொசுக்காமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பேன். சண்டையில் அடி வாங்குவது தனிக் கதை. இரண்டாவதாக இன்னொரு பழைய போர் விமானம் வாங்கலாம் என்று நினைப்பு. ஸ்பிட்ஃபயர் மார்க் 9, மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4, ஃபோக்கவுல்ஃப் 190 டி-9, பி-47 தண்டர்போல்ட். இந்த நாலில் எது?

ஜெட் பக்கம் யாரும் இழுக்க வேண்டாம். ரெட்டை இன்ஜின் மாஸ்கிட்டோவும் வேண்டாம், ஒரு இன்ஜினுக்கே எனக்கு மூச்சு வாங்குகிறது.

என்னிடம் இருக்கும் சாமான்: பழைய லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, குச்சியை முறுக்கினால் ரடர், அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை. பெடல் கிடையாது. வேலை பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு. இப்போது சீசன் தொடங்கிவிட்டது, ஆவணி வரைக்கும் காற்று விடாது. வள்ளியூருக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். "எல்லாத்தையும் வாங்கிப் பாரும்வே" என்று சொல்கிறவர்கள் பணத்தையும் சேர்த்து அனுப்பவும்.

ஜூன் 11, இரவு

பதில் போட்டவர்களுக்கு நன்றி. தென்காசி அண்ணாச்சி 109-தான் என்கிறார். காரணம்: ப்ரொப்பல்லர், ரேடியேட்டர், இன்ஜினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டும் சூப்பர்சார்ஜர் எல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ளும், நீர் சுடுகிற வேலையைப் பாரும் என்கிறார். பாளையங்கோட்டைத் தம்பி ஸ்பிட்ஃபயர் என்கிறான். காரணம்: அழகாக இருக்கிறதாம். தம்பி, உள்ளே உட்கார்ந்தால் அழகு எனக்குத் தெரியாது, எதிரிக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சி சொன்ன இன்னொன்றுதான் யோசிக்க வைத்தது. "ரெண்டாவது விமானம் மொத விமானத்துக்கு நேர் எதிரா இருக்கணும், அப்பத்தான் புதுசா ஏதாவது படிப்பீரு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜெர்மன் விமானம், கிலோமீட்டர் அளவு, இன்ஜின் தலைகீழாக மாட்டியது, பீரங்கி மூக்கு வழியாகச் சுடுவது. எல்லாமே வேறு.

நல்ல வேளையாக ஒவ்வொரு விமானத்தையும் 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். வரிசையாக ஒரு கை பார்த்துவிடுகிறேன். முதலில் 109.

ஜூன் 12

தரவிறக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி கேட்டாள்: "ஏற்கெனவே ஒரு பிளேன் இருக்குல்லா?" இதற்கு நான்கு விதமாகப் பதில் யோசித்தேன், ஒன்றும் தேறவில்லை.

ஜூன் 20, இரவு 11:30

109 பற்றி. கொஞ்சம் நீளமாகப் போகும்.

இன்ஜினைக் கிளப்புவதே திருவிழாதான். தரைப் பணியாளர் கைப்பிடி மாட்டிச் சுழற்றி வேகம் ஏற்ற வேண்டும், அப்புறம் நாம் உள்ளேயிருந்து இணைக்க வேண்டும். அந்த உருமல் ஏறி ஏறி வரும் சத்தம் மட்டும் போதும், வாங்கிய காசு தீர்ந்தது என்று சொல்லலாம். நான் இன்னும் வாங்கவில்லை என்பது வேறு.

அண்ணாச்சி சொன்ன மாதிரி பறக்கும்போது வேலை குறைவுதான். த்ராட்டில் ஒன்றைத் தள்ளினால் ப்ரொப்பல்லர் பிட்ச் (இறகின் சாய்வு) பின்னாலேயே வருகிறது. ரேடியேட்டர் மூடித் திறப்பதும் அதன் பாடு. மஸ்டாங்கில் நான் சுழற்சியை 3000-க்கு ஏற்றி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை 61 அங்குலத்துக்குத் தள்ளி, ஐந்து பத்து நிமிடம் கழித்து இரண்டையும் வரிசை மாறாமல் இறக்கி என்று கை ஓயாமல் இருப்பேன். இதில் கை சும்மா இருக்கிறது.

ஆனால் மிச்சமான வேலையெல்லாம் காலுக்குப் போய்விட்டது. எனக்குக் கால் கிடையாது, அதாவது பெடல் கிடையாது. 109-இல் ரடருக்குப் பறக்கும்போது திருப்பிக்கொள்ளும் ட்ரிம் (நாம் அழுத்தாமலே பலகையைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு) இல்லை. தரையில் வளைத்து வைத்த ஒரு தகடு உண்டு, அது ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மட்டும் சரி. மெதுவாக மேலே ஏறினால் வலது ரடரை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். முறுக்குக் குச்சியில் அதைச் செய்தால், நாலாயிரம் மீட்டர் ஏறி முடிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகிறது. அடுத்த நாள் காற்றாலை உச்சியில் நாசெல் அறைக்குள் ஸ்பானர் பிடிக்கும்போது "என்ன அண்ணே, கை பிசகிட்டா?" என்று கூட வேலை செய்கிற பையன் கேட்டான். பிளேன் ஓட்டினேன் என்று சொல்ல முடியுமா?

இருக்கைக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை), இன்னொன்று வாலின் கிடைப்பலகையைச் சாய்ப்பது. நிஜ விமானி இரண்டையும் ஒரே பிடியில் சேர்த்துச் சுழற்றலாம்: ஃப்ளாப் இறங்க இறங்க மூக்கின் போக்கும் கூடவே சரியாகும். ஆளை உட்காரவைத்து யோசித்துச் செய்த வேலை அது. எனக்கோ இரண்டும் இரண்டு பொத்தான்.

30 மில்லிமீட்டர் பீரங்கி ஒரு குண்டு பட்டால் போதும், எதிராளி கதை முடிந்தது. ஆனால் மொத்தமே 65 குண்டுதான். வேகமும் நொடிக்கு 540 மீட்டர் அளவே. மஸ்டாங்கின் 12.7 மில்லிமீட்டர் தோட்டா கிட்டத்தட்ட 880. அந்தக் கணக்கிலேயே பழகிய கண், 109-இல் எல்லாவற்றையும் எதிரியின் வாலுக்குக் கீழே சுட்டுவிடுகிறது. ரொம்பக் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் மோதிவிடுகிறேன்.

ஜூன் 23

109-ஐ இறக்குவது பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்வதாக இல்லை.

ஜூன் 30, மதியம்

மழை. கோபுரத்தில் ஏற விடவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஃபோக்கவுல்ஃப் டி-9 பார்த்தேன். சுருக்கமாகச் சொன்னால், இந்தக் கூட்டத்திலேயே தரையில் ஒழுங்கான பிள்ளை இதுதான். சக்கரங்கள் அகலமாக விலகி நிற்கின்றன, குச்சியைப் பின்னால் இழுத்தால் வால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது. மஸ்டாங்கிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு, அதனால் பழக்கம் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. பெடீன்கெரேட் என்ற இயந்திர மூளை ஒரே லீவரில் எல்லாவற்றையும் நடத்துகிறது. 1942 ஜூனில் ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி வழி தவறி வேல்ஸில் பெம்ப்ரி தளத்தில் தன் 190-ஐ இறக்கிவிட்டார். அது அந்த விமானத்தின் முந்தைய வகை. பிரிட்டிஷ்காரர்கள் அதைப் பிரித்து மேய்ந்து பார்த்து அசந்துபோனார்கள் என்பது பிரபலமான கதை. ஓட்டிப் பார்த்தபின் எனக்கும் அது புரிகிறது.

குறை என்னவென்றால், இழுத்துத் திருப்பினால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு இறக்கை கவிழ்ந்துவிடுகிறது. மஸ்டாங்கும் செய்யும், ஆனால் அது முன்கூட்டி உதறிக் காட்டும்.

நல்ல விமானம். ஏனோ மனது ஒட்டவில்லை.

ஜூலை 2

"மனது ஒட்டவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா" என்று தென்காசி அண்ணாச்சி கேட்கிறார். அண்ணாச்சி, உங்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது இதையே உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா?

ஜூலை 14, இரவு 12 தாண்டி

ஸ்பிட்ஃபயர்.

முதல் மூன்று மாலையும் தரையைவிட்டுக் கிளம்பியதே அபூர்வம். வால் சக்கரத்துக்குப் பூட்டே கிடையாது, கடைச் சக்கர நாற்காலி மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும். முன்சக்கரங்கள் குறுகல். மேலே ஏறிவிட்டால் சக்கரத்தை மடக்கும் லீவர் வலப்பக்கம், ஆகவே இடக்கையை த்ராட்டிலில் இருந்து எடுத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டு வலக்கையை நீட்ட வேண்டும். நமக்குப் பொத்தான்தான், இருந்தாலும் ஒலிநாடாவில் மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டு கிளம்பும் ஸ்பிட்ஃபயரைப் பார்த்தால் காரணம் இதுதான்.

பிரேக் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெடல் இல்லாதவர்களுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. மஸ்டாங்கில் இடது வலது பெடல் நுனியில் தனித்தனி பிரேக். முறுக்குக் குச்சிக்காரன் அதற்கு இரண்டு பொத்தான் ஒதுக்கித் தடுமாறுவான். ஸ்பிட்ஃபயரில் பிரேக் காற்றழுத்தத்தில் ஓடுகிறது. குச்சியின் வளையப் பிடியில் ஒரே ஒரு லீவர். அதை அழுத்தினால், ரடர் நடுவில் இருந்தால் இரண்டு சக்கரமும் சமமாகப் பிடிக்கும். ரடரை வலது பக்கம் தள்ளினால் வலது சக்கரம் மட்டும் பிடிக்கும். ஒரு லீவர், ஒரு ரடர், தீர்ந்தது. ஆனால் லீவரைப் பொத்தானில் வைக்காதீர்கள். பொத்தான் முழு பிரேக் போடும், மூக்கு ஓடுபாதையை முத்தமிடும்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். இன்ஜின்.

மஸ்டாங்கில் இருப்பது அமெரிக்காவில் பேக்கார்ட் செய்த மெர்லின், வி-1650-7. ஸ்பிட்ஃபயரில் இருப்பது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் 66. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இன்ஜின். இறக்கையின் நீளமும் ஏறத்தாழ ஒன்று, ஒன்று 37 அடி, இன்னொன்று இரண்டு அங்குலம் குறைவு. எடைதான் வேறு. ஸ்பிட்ஃபயர் சுமார் 3.4 டன். மஸ்டாங் 4.6 டன் பக்கம். அந்த ஒரு டன்னுக்கு மேலான வித்தியாசத்தில் பெரும்பங்கு பெட்ரோலும் அதைச் சுமக்கும் உடம்பும்தான். மஸ்டாங்கின் உள்தொட்டிகளில் ஆயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஸ்பிட்ஃபயரில் 386. ஒன்று பெர்லின் வரை துணைக்குப் போய்த் திரும்ப வேண்டும். இன்னொன்று தன் ஊர் வானத்தைக் காக்கப் பிறந்தது.

அத்தனை சுமந்தும் மஸ்டாங்தான் வேகம், மணிக்கு 30 மைல் போல. இறக்கையின் வடிவம், வயிற்றில் ரேடியேட்டரை வைத்த விதம், அந்த மாதிரி சமாச்சாரங்கள். திரும்புவதிலும் ஏறுவதிலும் ஸ்பிட்ஃபயரைப் பிடிக்க முடியாது.

ஒரே இன்ஜின், இரண்டு உடம்பு. இதை உட்கார்ந்து ஓட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. 109-இல் எது தப்பாகப் போனாலும் காரணம் எது என்று எனக்குத் தெரியவில்லை. இன்ஜின் வேறு, அளவுகள் வேறு, பீரங்கி வேறு, காட்சி வேறு. இதில் இன்ஜின் எனக்குத் தெரிந்த ஆள். அதனால் மிச்சம் நடப்பதெல்லாம் இறக்கையும் வாலும் செய்கிற வேலை என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. மஸ்டாங்கில் வேகமாகத் திரும்பும்போது நான் மூக்கைக் கொஞ்சம் கீழே விட்டுத் திரும்புவேன். அதைப் "பறக்கும் முறை" என்று நினைத்திருந்தேன். ஸ்பிட்ஃபயரில் அது தேவையே இல்லை. அது மஸ்டாங்கின் கனத்துக்கு நான் கட்டிய வரி.

அண்ணாச்சி, "நேர் எதிரா இருக்கணும்" என்று சொன்னீர்களே, எனக்கு அதில் இப்போது சந்தேகம்.

ஜூலை 15

காலையில் எழுந்து படித்தேன். "ஒலிநாடா" என்று எழுதியிருக்கிறேன், காணொளி என்று படிக்கவும். தூக்கம்.

ஜூலை 17, இரவு

அளவுகள் குழப்புகின்றன என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்குப் பயன்பட்ட கணக்கைச் சொல்கிறேன்.

வெளிக் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் பாதரசத்தில் 30 அங்குலம். மஸ்டாங் அந்த அங்குலத்திலேயே மொத்தத்தையும் காட்டும். ஸ்பிட்ஃபயர் வெளிக் காற்றைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அதற்கு மேல் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று காட்டும், அதுதான் பூஸ்ட். ஜெர்மன்காரர்கள் வெளிக் காற்றை ஒன்று என்று வைத்து அதன் மடங்காகக் காட்டுவார்கள், அதுதான் அந்த "அட்டா". ஆக 30 அங்குலம், பூஜ்யம் பூஸ்ட், 1 அட்டா, மூன்றும் ஏறக்குறைய ஒரே இடம். ஒரு பவுண்டுக்கு இரண்டு அங்குலம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஸ்பிட்ஃபயரின் +18 என்பது மஸ்டாங்கின் 67 அங்குலம். இரண்டுக்கும் 5 நிமிடம்தான் அனுமதி. ஒரே இன்ஜின் என்றேனே.

ஓய்வாகப் போக ஸ்பிட்ஃபயரில் 2650 சுற்று, +7. மஸ்டாங்கில் 2700, 46 அங்குலம். நீளமாக ஏறுவதற்கு ஸ்பிட்ஃபயரில் 2850, +12 வைத்து ஒரு மணி நேரம் கூடப் போகலாம்.

வரிசை மறந்துவிடும் தம்பிகளுக்கு: ஏற்றும்போது சுற்று முன்னால், இறக்கும்போது பூஸ்ட் முன்னால். ஏன் என்று நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும், தொழில் அப்படி. எங்கள் காற்றாலையில் காற்று மிஞ்சினால் இறகுகள் தம் முகத்தைத் திருப்பி வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும். ப்ரொப்பல்லர் கவர்னரும் அதே வேலைதான், ஆனால் திசை தலைகீழ்: இங்கே காற்று இறகைச் சுழற்றவில்லை, இன்ஜின் சுழற்றுகிறது. சுற்று மிஞ்சப் பார்த்தால் இறகு அதிகக் காற்றைக் கடிக்கும், சுமை ஏறும், சுற்று நிற்கும். குறைந்த சுற்றில் இறகு ஆழமாகக் கடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பூஸ்ட்டைத் திணித்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் போக வழியில்லாமல் இன்ஜின் தட்டத் தொடங்கும். சேரன்மகாதேவி ஏற்றத்தில் டாப் கியரிலேயே லாரியை மிதிக்கிற டிரைவரை யாரும் மெச்சுவதில்லை.

(சேரன்மகாதேவியில் எங்கே ஏற்றம் என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். ஒரு பேச்சுக்கு.)

ஜூலை 18

எழுதிவிட்டார்கள். சரி, பாபநாசம் மேலே போகும் ரோடு.

ஜூலை 26, இரவு

பாளைத் தம்பி கேட்டது: "ஸ்பிட்ஃபயர் மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் இன்ஜின் செத்துப்போகுமே, 109 தப்பித்துவிடுமே?"

அது பழைய மெர்லின். மிதவை வைத்த கார்புரேட்டர், மூக்கை அமுக்கினால் பெட்ரோல் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். 1940-இல் பிரிட்டன் மேல் நடந்த சண்டையில் அதுதான் தலைவலி. ஜெர்மன் இன்ஜினில் நேரடியாகத் தெளிக்கும் ஏற்பாடு, அதனால் அவன் அமுக்கிவிட்டுப் போய்விடுவான். 1941-இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் பெட்ரோல் பாதையில் துளையுள்ள ஒரு சின்ன உலோக வளையத்தைப் போட்டுப் பெருமளவு சமாளித்தார். அம்மணி மோட்டார் சைக்கிள் பந்தயக்காரியும்கூட. மெர்லின் 66-இல் கார்புரேட்டரே மாறிவிட்டது, அந்தப் பிரச்சினை இல்லை. தைரியமாக அமுக்கு.

ஆனால் அமுக்கிவிட்டு வேகம் ஏறியபின் உருட்டிப் பார். வேகத்தில் இதன் அய்லரான் (விமானத்தை உருட்டும் இறக்கைப் பலகை) கல்லாகிவிடும். அங்கே மஸ்டாங்தான் ராஜா.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பெடல் செய்துவிட்டேன்.

வள்ளியூரில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா மகன் ஒரு அங்குல ப்ளைவுட்டில் அறுத்துக் கொடுத்தான். நடுவில் ஒரு பேரிங், குறுக்கே ஒரு கட்டை, இரண்டு முனையிலும் கால் வைக்கப் பலகை. இழுத்துப் பிடிக்க பைக் சென்டர் ஸ்டாண்டின் ஸ்பிரிங் இரண்டு. முதலில் சாதாரண ரேடியோ வால்யூம் திருகு மாதிரிப் பொட்டன்ஷியோமீட்டர் போட்டிருந்தேன். எங்கள் ஊர்ச் செம்மண் தூசியில் அது சீக்கிரமே கரகரக்கத் தொடங்கியது, விமானம் தானாகவே தலையை ஆட்டியது. அதைப் பிடுங்கிவிட்டு காந்தத்தை உணரும் ஹால் சென்சாரும் ஒரு சின்னக் காந்தமும் வைத்தேன். ஒன்றோடொன்று தொடாது, தேயாது. அர்டுவினோ ப்ரோ மைக்ரோ என்ற சின்ன மின்பலகை ஒன்றை இடையில் வைத்தால் கணினி அதை ஜாய்ஸ்டிக் என்று நம்பிவிடுகிறது.

மிச்சமிருந்த இன்னொரு சென்சாரைச் சும்மா வைப்பானேன் என்று சைக்கிள் கடையில் ஒரு பிரேக் லீவர் வாங்கி மேசை ஓரத்தில் மாட்டினேன். ஸ்பிட்ஃபயருக்கு. அழுத்த அழுத்தப் பிடிப்பு ஏறுகிறது, காற்றழுத்த முள் நடுங்குகிறது. மகன் அதில் மணியும் மாட்டச் சொல்கிறான்.

பெடல் வந்தபின்தான் தெரிந்தது: முறுக்குக் குச்சியில் நாம் பின்னால் இழுக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் முறுக்கியும் விடுகிறது. மணிக்கட்டு அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. மஸ்டாங் அதைப் பெரிதுபடுத்தாது. ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டரோ (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) விரல் வைத்தாலே பாய்கிறது, அத்தோடு முறுக்கும் சேர்ந்தால் சுழன்றுவிடும். விளையாட்டின் அமைப்புகளில் எலிவேட்டருக்கு வளைவு கொஞ்சம் கூட்டி வையுங்கள், குச்சியின் சின்ன அசைவுக்கு அது பாயாது.

ஆகஸ்ட் 12

கிளம்பும் முறை கேட்டவர்களுக்கு, இப்போது எனக்குச் சரிப்படுவது. ரடர் ட்ரிம் முழுக்க வலது. மூக்கு நேராகும் வரை நாலு எட்டு முன்னே உருட்டி, வால் சக்கரத்தை நேராக்கிக்கொண்டு, த்ராட்டிலை மெள்ள மெள்ளத் தள்ளி +7 அல்லது +8-இல் நிறுத்தினால் போதும். +18 வரைக்கும் தள்ள அவசரம் ஒன்றும் இல்லை, இது இறகு மாதிரி ஏறிவிடும். வாலைத் தூக்கும் நொடியில் கவனம். ப்ரொப்பல்லர் ஒரு பெரிய பம்பரம், அதைச் சாய்த்தால் வேறு பக்கம் திமிறும். மூக்கு இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். வெட்டியபின் காலை அழுத்தினால் நேரம் போய்விட்டது, வாலைத் தூக்கும்போதே வலது கால் இறங்கியிருக்க வேண்டும். வலது அய்லரானும் சிறிது.

இறங்கும்போது மூன்று சக்கரமும் சேர்ந்து தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் எல்லாரும் சுழல்கிறோம். கனம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அது முன்னே வரப் பார்க்கும். குச்சி வயிற்றில், கால்கள் ஓயாமல் குத்திக்கொண்டே, நிற்கும் வரைக்கும்.

ஆகஸ்ட் 19

நேற்று ராத்திரி விளையாட்டின் பதூமி விமானத்தளத்தில் கடைசிச் சுற்று, சக்கரம் இறங்கியது, ஃப்ளாப் இறங்கியது, ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டினேன். கரன்ட் போயிற்று. ஊருக்கே காற்றிலிருந்து கரன்ட் அனுப்புகிற எங்கள் தெருவில். இன்வெர்ட்டர் ஃபேனுக்கு மட்டும்தான் இணைத்திருக்கிறது, ஆக வியர்க்காமல் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்தேன்.

செப்டம்பர் 3

பி-47-ஐயும் பார்க்காமல் விடக்கூடாது என்று பார்த்தேன். மலை. 18 சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின், 2000 குதிரைத் திறனுக்கு மேல். புகைவேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அமுக்கும் டர்போவை வாலுக்குப் பக்கத்தில் வைத்து, உடம்பு முழுக்கக் குழாய் ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த வயிறு அதனால்தான். எட்டுத் துப்பாக்கி. த்ராட்டிலுக்கு ஒரு லீவர், டர்போவுக்கு ஒன்று, சுற்றுக்கு ஒன்று. 109 ரசிகர்களுக்கு மாரடைப்பு வரும்.

இதில் நம் ஊர்ச் சொந்தம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் 79-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் பெயரே மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன். போர் நிதி கொடுத்த இடங்களின் பெயரை அப்படி வைத்தார்கள். திருநெல்வேலி ஜில்லாவும் அந்தப் பிரசிடென்சிதானே, நம் தாத்தாமார் கொடுத்த காலணாவும் அதில் இருந்தாலும் இருக்கும். அவர்கள் பர்மாவில் முதலில் ஹரிக்கேன், 1944 முதல் இந்தத் தண்டர்போல்ட் ஓட்டினார்கள். அதே பெயர் 234-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் உண்டு, அவர்களிடம் ஸ்பிட்ஃபயர் இருந்தது. ஆக இரண்டு பக்கமும் சொந்தம், தீர்ப்புச் சொல்ல இது உதவவில்லை.

தரையைத் தாக்கத்தான் ஆசை என்றால் இதை வாங்குங்கள். என் ஒரு மணி நேரத்துக்கு இது பெரிது. இன்ஜின் சூடாவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.

செப்டம்பர் 10

ஸ்பிட்ஃபயரை இலவச நாள் தீர்ந்தபோதே வாங்கியாயிற்று, சொல்லத்தான் இப்போது வாய்த்தது. தள்ளுபடி வரும்வரை காத்திருந்தேன் என்பதை மனைவி படிக்கும் வாய்ப்பு கருதி இங்கே பதிகிறேன்.

செப்டம்பர் 28, இரவு

காற்று அடங்கிவிட்டது, நேரம் கிடைக்கிறது.

மறுபடி மஸ்டாங்கில் ஏறினேன். இரண்டாவது விமானத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை: முதல் விமானம் மாறிப்போயிருக்கும். கால் ஓயாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டதால் மஸ்டாங்கை ஓடுபாதையில் வைப்பது இப்போது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முதல் சண்டையில் ஸ்பிட்ஃபயர் பழக்கத்தில் இழுத்துத் திருப்பி, வேகமெல்லாம் போய்த் தொங்கிக்கொண்டு நின்றேன். பின்தொட்டியில் பெட்ரோலும் நிறைய விட்டிருந்தேன். மஸ்டாங்கில் விமானிக்குப் பின்னால் 85 காலன் தொட்டி இருக்கிறது, அது நிறைந்திருந்தால் கனம் வால் பக்கம் ஏறிவிடும், இழுத்த இழுப்புக்கு மேலேயே மூக்கு தூக்கும். முன்பும் அது அப்படித்தான் இருந்திருக்கும். அப்போது எனக்கு அது விமானத்தின் குணமா என் கையின் குணமா என்று தெரியாது, இப்போது தெரிகிறது. சண்டைக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே வைக்கிறேன்.

குறிபார்ப்பதும் அப்படித்தான். மஸ்டாங்கின் கே-14 என்ற கைரோ குறிபார்க்கும் கருவி, எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று தானே கணக்குப் போட்டுக் காட்டும். ஸ்பிட்ஃபயரில் வெறும் ஒளி வளையம், கணக்கு நம் பாடு. ஹிஸ்பானோ பீரங்கி ஒவ்வொன்றிலும் 120 குண்டு, அதை வீணடித்து வீணடித்துக் கண் பழகுகிறது. திரும்ப மஸ்டாங்கில் வந்து பார்த்தால் கைரோவை நம்பாமல் நானே சுடுகிறேன். பட்டாலும் படுகிறது.

அக்டோபர் 1

தென்காசி அண்ணாச்சியின் பதில்: "நீரு சொல்றது சரி, ஆனா அது மஸ்டாங்ல இருந்து வர்றவனுக்குத்தான். நான் 109-ல ஆரம்பிச்சவன். எனக்கு ஸ்பிட்ஃபயரும் எதிர்தான்."

நியாயம். அப்படியானால் அவருடைய கணக்குப்படி ஃபோக்கவுல்ஃப் அவருக்குச் சரி: தானியங்கி இன்ஜின் அதே பழக்கம், உடம்பு மட்டும் வேறு. பக்கத்தில் இருப்பதைத்தான் அடுத்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தூரத்தில் இருப்பது மூன்றாவதாக வரட்டும். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் மாட்டார், சனிக்கிழமை ராத்திரி வானத்தில் பேசிக்கொள்கிறோம்.

அக்டோபர் 15

சங்கரன்கோவிலில் இருந்து ஒரு தம்பி: "அண்ணே, எனக்கு முதல் விமானமே இல்லை, நேராக ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா?"

காசு போடாதே. டிசிஎஸ்ஸோடு டிஎஃப்-51 இலவசமாக வருகிறது, துப்பாக்கி இல்லாத மஸ்டாங். காக்கசஸ் வரைபடமும் இலவசம். அதிலேயே ஏறி இறங்கிப் பழகு. குறுக்குக் காற்று வைத்துக்கொள், மேற்கிலிருந்து. அது பழகியபின் இங்கே வந்து கேள். அதற்குள் பெடலுக்கு ப்ளைவுட் தேடி வை, அளவு அனுப்புகிறேன்.